நான்காம் தட்டின் உறை

போன மாதம் என் மகள் ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். பழைய நாடகச் செட்டுகளை இப்போது ஒலிநாடாவில் ஏற்றி, பெட்டியில் அடைத்து, மேலே 'அசல் பதிவு' என்று பொன்னெழுத்தில் அச்சடித்து விற்கிறார்கள். எனக்குப் பிடிக்கும் என்று வாங்கியிருக்கிறாள். பிடித்தும் இருந்தது, இரண்டாவது நாடாவின் பாதி வரைக்கும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். என்ன ஆயிற்று என்று கேட்டாள். இது அசல் இல்லை என்றேன். பெட்டியில் எழுதியிருக்கிறதே என்றாள். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி நான் ஒருமுறை ஏமாந்தது அவளுக்குத் தெரியாது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் முப்பத்தேழு வருஷம் வேலை பார்த்தேன். வருகிற சரக்குக்கு வரி போடுகிற அலுவலகம். ஓய்வூதியம் வாங்குகிறவன் அதன் பெயரை அச்சில் சொல்லலாமா என்பதற்கு ஒரு விதி உண்டு. அதற்கு இரண்டு விதமான விளக்கமும் உண்டு. ஆகவே பெயரை விட்டுவிடுகிறேன். யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். ஆழ்வார்திருநகரியில் எங்கள் வீட்டில் பாட்டுப்பெட்டிக்கு இடமில்லை. ஆள் இல்லாமல் குரல் மட்டும் வருவது வீட்டுக்கு ஆகாது என்பது என் தகப்பனாரின் கட்சி. அதனால் தூத்துக்குடியில் தனி அறையும் சொந்தச் சம்பளமும் வந்ததும் நான் செய்த முதல் காரியம் தட்டு வாங்கியது. பெட்டி வாங்குகிற அளவுக்குச் சம்பளம் இல்லை. பெட்டி இல்லாமல் தட்டு சேர்த்த முட்டாள் அந்த ஊரில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் ஒரு நாடகம் முழுவதையும் ஆறேழு தட்டுகளில் பதிந்து, புத்தகம் போல் கட்டிய அட்டைக்குள் உறை உறையாகச் செருகி, பாட்டுப் புத்தகமும் வைத்து விற்பார்கள். அதற்குச் செட்டு என்று பெயர். ஒரு பக்கம் மூன்று நிமிஷம் ஓடும். அரசன் கோபப்பட ஆரம்பித்தால் தட்டைத் திருப்பிப் போட்ட பிறகுதான் கோபம் முடியும்.

நான் உயிராக வைத்திருந்தது ஏழு தட்டுச் செட்டு ஒன்று. பழையதாக வாங்கினேன். வாங்கும்போது நான்காம் தட்டு இல்லை. அதாவது ஏழாம் பக்கமும் எட்டாம் பக்கமும் இல்லை. பிள்ளையைக் காட்டில் விட்டுவிட்டு ஒரு தாய் திரும்பிப் போகும் கட்டம் அது. என் செட்டின் மூன்றாம் தட்டில் அவள் பிள்ளையோடு நிற்பாள், அடுத்த தட்டில் பிள்ளை இல்லாமல் அழுவாள். நடுவில் நடந்தது பாட்டுப் புத்தகத்தில் மட்டும் இருந்தது.

தட்டு விற்கும் அண்ணாச்சி ஒருவர் பெரிய கடைத்தெருவில் கடை வைத்திருந்தார். கம்பெனி அந்தச் செட்டை மறுபடியும் வெளியிட்டிருக்கிறது, நான்காம் தட்டைத் தனியாக வரவழைத்துத் தருகிறேன் என்றார். வந்தது. அதே எண், அதே நிறத்தில் நடுச்சீட்டு. கடையில் இருந்த பெட்டியிலேயே போட்டுக் கேட்டேன். ஆனால் மற்ற தட்டுகளில் அந்தத் தாயாகப் பேசுகிற குரல் இதில் பாடவில்லை. இது வேறு பெண். சுத்தமாகப் பாடினாள், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவள் மாதிரி. அண்ணாச்சியிடம் கேட்டேன். நம்பரு ஒண்ணு, சீட்டு ஒண்ணு, பொறவு என்ன சாரு என்றார்.

அப்போதுதான் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். நடுச்சீட்டில் இருக்கும் எண் கடைக்காரனுக்கு. பாட்டு முடிந்தபின் ஊசி சும்மா சுற்றுகிற வழவழப்பான வளையத்தில், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, இன்னோர் எண் கீறியிருக்கும். அது அச்சின் எண். மூல அச்சு உடைந்தோ தேய்ந்தோ போய், வேறொருத்தியை வைத்துப் புதிதாகப் பாடிப் பதிந்திருந்தால் அந்தச் சின்ன எண் மாறிவிடும். சீட்டு மாறாது.

அசல் எனக்குக் கிடைத்தது நாசரேத்தில். அங்கே ஒரு மிஷன் பள்ளி ஆசிரியர் வீட்டில், கீர்த்தனைத் தட்டுகளுக்கு அடியில் நாடகத் தட்டுகள் ஒளிந்திருந்தன. அவருடைய மனைவிக்கு அது தெரியும், பாதிரியாருக்குத் தெரியாது. இரண்டு புதிய கீர்த்தனைத் தட்டு கொடுத்து அந்த ஒன்றை வாங்கினேன். அவர் பெரிய பாரம் இறங்கிய முகத்தோடு கொடுத்தார்.

அந்த ஏழாம் பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் சரணத்தில், ஒரு வரியின் நடுவில், பாடுகிறவளுக்கு மூச்சு தீர்ந்துவிடுகிறது. நின்றுவிடுகிறாள். ஆர்மோனியக்காரர் மேலே போயிருக்க வேண்டும். போகவில்லை. அவரும் நின்று காத்திருக்கிறார். அவள் மூச்சை இழுப்பது கேட்கும். அப்புறம் விட்ட சொல்லைக் கொஞ்சம் இறங்கிய சுருதியில் எடுத்து முடிக்கிறாள். பிழைதான். முதலில் மெழுகில் பதிவார்கள், அதில் விழுந்ததை அழிக்க முடியாத காலம், அப்படியே வெளியிட்டுவிட்டார்கள். பிள்ளையை விட்டுப் போகிறவள் அந்த ஒரு மூச்சில்தான் போகிறாள் என்று எனக்குத் தோன்றும். இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

இனி பாட்டுப்பெட்டி வைத்திருந்த நண்பரைச் சொல்கிறேன். அவர் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. கடலோரக் கத்தோலிக்கக் குடும்பம், வீடு கோயிலுக்குப் பின் தெருவில். அவருடைய அண்ணன் கொழும்பிலிருந்து வந்தபோது ஒரு கிராமபோன் பெட்டி கொண்டுவந்தார். சொந்த உபயோகத்தில் இருந்த பழைய பொருள் என்று எழுதிக் கொடுத்திருந்தார். பழையது என்றால் வரி இல்லை. பெட்டியைத் திறந்து பார்த்தவன் நான். உள்ளே ஊசி டப்பாவின் மேல் ஒட்டிய காகிதம் பிரிக்கப்படவே இல்லை. ஓர் ஊசிகூடப் போடாமல் ஒருவர் எப்படிப் பாட்டுக் கேட்டிருப்பார்? டப்பாவைப் பார்த்தேன். அண்ணனை அழைத்துப்போக வந்திருந்த தம்பி என்னைப் பார்த்தார். பெட்டி வரியில்லாமல் வெளியே போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். முழு வேலைக்காலத்தில் நான் தெரிந்தே விட்டது அந்த ஒன்றுதான் என்று சொன்னால் என்னோடு வேலை பார்த்தவர்கள்கூட நம்புவார்கள்.

அப்படித்தான் ஏற்பாடு அமைந்தது. பெட்டி அவருடையது, தட்டு என்னுடையது. ஒருவர் இல்லாமல் மற்றவர் கேட்க முடியாது. ஞாயிறு பூசை முடிந்து, மீன்குழம்புச் சாப்பாடும் முடிந்தபின், அவர் சாவி கொடுப்பார், நான் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி மாற்றுவேன். ஊசியை மாற்றாமல் போட்டால் தட்டின் பள்ளம் தேய்ந்துவிடும். ஏழாம் பக்கத்தில் அந்த மூச்சு வருவதற்கு ஒரு கணம் முன் அவர் ஆள்காட்டி விரலை உயர்த்துவார். ஒருநாளும் பிந்தியதில்லை. காது அவருக்கு என்னைவிட நல்ல காது. அந்த மூச்சை முதலில் கண்டுபிடித்துக் காட்டியவரும் அவர்தான். நான் அதுவரை தட்டில் ஏதோ கீறல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய மனைவி அடுக்களை வாசலில் நின்று ஒருநாள் என்னிடம் சொன்னார்: "ஒரு மூச்சு விட்டதுக்கா அண்ணாச்சி இம்புட்டுப் பாடு? நான் அடுப்பு ஊதையில ஆயிரம் மூச்சு விடுதேன். ஒருத்தரும் வெரலத் தூக்கக் காணோம்."

இரண்டு வருஷம் இப்படிப் போனது. பிறகு என்னை எட்டு மாதத்துக்கு உடன்குடிக்கு அப்பால் கடலோரத்தில் ஒரு சிறு நிலையத்துக்கு அனுப்பினார்கள். தோணியில் கருப்பட்டி ஏறுவதைப் பார்த்து எழுதுகிற வேலை. காற்றில் எந்நேரமும் செம்மண் பறக்கும். தட்டுகளை அங்கே கொண்டுபோவதாக இல்லை. அவர் வீட்டில் வைத்துவிட்டுப் போனேன்.

சும்மா வைத்துவிட்டுப் போகிறவனா நான்? இரண்டு படியில் பட்டியல் போட்டேன். செட்டு ஒன்று, தட்டு ஏழு, கூடுதலாக நான்காம் தட்டு ஒன்று, ஒவ்வொன்றின் எண், நிலை. உறைகளின் மேல் பென்சிலால் எழுதினேன். நாசரேத்துத் தட்டின் உறையில் 'அசல்', மற்றதன் உறையில் 'மறுபதிப்பு'. தட்டின் மேல் எழுதவில்லை. நல்ல தட்டின் சீட்டில் மை படக்கூடாது என்பது என் கொள்கை. அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். "கல்யாணத்துக்குக்கூட இம்புட்டு எழுதல வே" என்று சிரித்துக்கொண்டே போட்டார். பட்டியலில் நான் எழுதிய எண் எல்லாம் நடுச்சீட்டு எண். வளையத்தில் இருக்கும் சின்ன எண்ணை எழுதவில்லை. எந்த எண் உண்மையானது என்று அந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள், அலுவலகப் பழக்கத்தில் கைக்குத் தானாக வருகிற எண்ணை எழுதினேன்.

இன்னொன்றும் செய்துவிட்டுப் போனேன். அவர் ஏஜென்சி வேலையை விட்டுவிட்டு, சொந்தப் பெயரில் வியாபாரிகளுக்குத் துறைமுகச் சரக்கை எடுத்துக் கொடுக்கும் உரிமத்துக்கு விண்ணப்பித்திருந்தார். கோப்பு என் மேசைக்கு வந்தது. தகுதியானவர், கொடுக்கலாம் என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பிவிட்டுத்தான் வண்டி ஏறினேன்.

திரும்பி வந்தபோது அலுவலகத்தில் மேலதிகாரி மாறியிருந்தார். சென்னைப் பக்கத்திலிருந்து வந்தவர், கடுமையானவர், சங்கீதப் பிரியர் என்று சொன்னார்கள். நண்பருக்கு உரிமம் கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனேன். பெட்டியின் சுருள்வில் அறுந்துவிட்டது, மதுரைக்குப் பழுதுபார்க்கப் போயிருக்கிறது என்றார். தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். நான் பட்டியலை எடுத்தேன். எண்ணினேன். எட்டு. உறைகளைப் பார்த்தேன். 'அசல்', 'மறுபதிப்பு', என் எழுத்து. ஒவ்வொன்றையும் பாதி வெளியே இழுத்துச் சீட்டின் எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. 'முழுமையாகவும் நல்ல நிலையிலும் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவருடைய படியைத் திருப்பிக் கொடுத்தேன். அவருடைய மனைவி மக்ரூன் கொண்டுவந்து வைத்தார். அன்றைக்கு அவர் அடுக்களை வாசலில் நின்று கேலி எதுவும் பேசவில்லை. அதை நான் அப்போது கவனித்தேன் என்று சொன்னால் பொய்.

மூன்று வாரம் கழித்து ஒரு மாலையில், அவசரக் கையெழுத்துக்காக ஒரு கோப்போடு அதிகாரியின் பங்களாவுக்கு என்னை அனுப்பினார்கள். விருந்தினர் இருந்தார்கள். வராந்தாவில் நிற்கச் சொன்னார்கள். உள்ளே பாட்டுப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. ஏழாம் பக்கம். என் தாயின் குரல், அதாவது அந்த நாடகத்துத் தாயின் குரல். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இந்த ஊரில் இன்னொரு அசல் இருக்கிறது என்று நினைத்தேன். ஜன்னல் வழியே பார்த்தேன். இரண்டாம் சரணம் வந்தது. மூச்சு வருவதற்கு ஒரு கணம் முன், அதிகாரி ஆள்காட்டி விரலை உயர்த்தினார்.

பிந்தவில்லை. நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

விருந்தினர்களில் ஒருவருக்கு விளங்கவில்லை போலும். அதிகாரி ஊசியைத் தூக்கி, கொஞ்சம் பின்னால் வைத்து, மறுபடியும் போட்டார். மறுபடியும் விரல். பிறகு என்னைப் பார்த்து, உள்ளே கூப்பிட்டு, கோப்பில் கையெழுத்துப் போட்டார். போட்டுக்கொண்டே, பாட்டுக் கேட்பதுண்டா என்று கேட்டார். சில சமயம் என்றேன். அப்படியானால் இந்த இடத்தைக் கவனியுங்கள் என்று எனக்கும் ஒருமுறை போட்டுக் காட்டினார். ஊசியை மாற்றவில்லை.

அறைக்கு வந்து 'அசல்' என்ற உறையிலிருந்து தட்டை முழுதாக வெளியே எடுத்தேன். விளக்குக்கு நேரே சாய்த்தேன். வளையத்தில் இருந்தது மறுபதிப்பின் எண். 'மறுபதிப்பு' உறையில் இருந்ததையும் எடுத்துப் பார்த்தேன். அதே எண். ஒரே மாதிரி இரண்டு. பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் படித்து, திறக்காமல், சரி என்று முத்திரை குத்துகிற பழக்கத்தை மற்றவர்களிடம் எத்தனை தரம் கண்டித்திருக்கிறேன்.

மறுநாள் தட்டுக்கடைக்குப் போனேன். அப்போது யுத்தத்தால், தட்டு செய்கிற அரக்குக்குத் தட்டுப்பாடு. ஒரு பழைய தட்டைக் கொடுத்தால்தான் ஒரு புதுத்தட்டு. அண்ணாச்சி மறைக்கவில்லை. மறைப்பதற்கு இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. "உம்ம சேக்காளிதான் வந்தாரு. விரிஞ்சுபோன மாதா பாட்டுத் தட்டு ஒண்ணக் குடுத்துட்டு, அந்த நம்பர எடுத்துட்டுப் போனாரு. உமக்குன்னுதானே சொன்னாரு சாரு" என்றார்.

அவரைப் பார்க்க நான் வீட்டுக்குப் போகவில்லை. துறைமுகத்தில், தோணிகளிலிருந்து மூட்டை இறங்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் புதிய உரிமத்தின் தோல் பை. வளையத்தின் எண்ணைச் சொன்னேன். அவர் அந்த எண்ணைப் பற்றித் தெரிந்துகொண்டது என்னிடமிருந்துதான், ஆகவே விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"லிஸ்டுல எட்டு. எட்டும் இருக்குல்லா. எண்ணிப் பாத்துக் கையெழுத்துப் போட்டீரு."

"எனக்குக் காட்டித் தந்ததே நீருதானே வே. வெரலு உம்ம வெரலுல்லா" என்றேன்.

"அவரு வீட்டுக்குப் போயிருந்தேன். பாட்டுன்னா உயிரு அவருக்கு. என்ன இருக்குன்னு கேட்டாரு."

"கோப்பு என் மேசையிலதான் இருந்துது. குடுக்கலாம்னு எழுதி வச்சிட்டுத்தான் போனேன்."

"எழுதினது நீரு. கையெழுத்து அவருல்லா போடணும்."

என்னிடம் கேட்டிருக்கலாமே என்றேன். அப்போது அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பீரா?"

மாட்டேன் என்றேன். பொய் சொல்ல அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"அதான் கேக்கல" என்றார். நான் நகராமல் நிற்பதைக் கண்டு, குரலை உயர்த்தாமல் இன்னொன்றும் சொன்னார். "எங்க அண்ணன் பெட்டி கொண்டாந்தாம்லா. ஊசி டப்பா ஒட்டுப் பிரிக்காம இருந்துது. நீரு பாத்தீரு. இன்னைவரைக்கும் நான் அத யாருட்டயாவது பேசினதுண்டா?"

பேசினதில்லை. இனியும் பேசமாட்டேன் என்றுதான் சொன்னாரா, பேசுவேன் என்று சொன்னாரா என்பதை எவ்வளவோ வருஷம் யோசித்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு இரண்டாவதாகத்தான் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைகள் அத்தோடு நின்றன. மதுரைக்குப் போன பெட்டி திரும்பி வந்ததா, அல்லது போகவே இல்லையா, நான் விசாரிக்கவில்லை.

யுத்தம் முடிந்த மறுவருஷம் அதிகாரிக்கு மாற்றலாயிற்று. மாற்றலில் போகிற அதிகாரியின் சாமான்களுக்கு மூன்று படியில் பட்டியல் வேண்டும், ரயில்வேக்கு ஒன்று, கருவூலத்துக்கு ஒன்று, தனக்கு ஒன்று. பட்டியல் என்றால் நான்தான் என்று அலுவலகம் முழுக்கத் தெரியும். இரண்டு நாள் பங்களாவில் இருந்து, நாற்காலி முதல் ஊறுகாய் ஜாடிவரை எழுதினேன். தட்டுகளை நானே வைக்கோல் வைத்துக் கட்டுகிறேன் என்றேன். தட்டைப் பற்றித் தெரிந்தவர் கட்டுவதுதான் நல்லது என்று அதிகாரியின் மனைவி சந்தோஷப்பட்டார்.

என் பையில் மறுபதிப்பு ஒன்று இருந்தது. மாற்றுவதற்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. பட்டியலில் 'கிராமபோன் தட்டு, எண் இன்னது, ஒன்று' என்று எழுதினேன். எந்த ஊரில் யார் பிரித்துப் பார்த்தாலும் எண் சரியாக இருக்கும். அதிகாரி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். நண்பர் செய்ததற்கும் நான் செய்ததற்கும் வேறுபாடு என்ன என்று கேட்பவர்களுக்கு, நான் செய்தது மூன்று படியில் என்று சொல்லிக்கொள்வேன்.

தட்டு கிடைத்துவிட்டது, கேட்பதற்குப் பெட்டி இல்லை. நான் போய்க் கேட்கக்கூடிய ஒரே வீட்டுப் பெட்டி கோயிலுக்குப் பின் தெருவில் இருந்தது. அந்தத் தெரு வழியாக நான் நடப்பதைக்கூட விட்டிருந்தேன். இரண்டு வருஷம் பணம் சேர்த்து, பழைய பெட்டி ஒன்று வாங்கினேன். பெட்டி வந்த அன்று முதல் தட்டிலிருந்து முறையாக ஆரம்பித்தேன், நேராக ஏழாம் பக்கத்துக்குப் போகவில்லை. புது ஊசி போட்டேன். இரண்டாம் சரணம் வந்தது. அவள் குரல் ஒரு சலசலப்புக்குள் போய் மறைந்தது. மழை பெய்கிற ஓசை போல ஒன்று. அப்புறம் விட்ட சொல்லின் வால் மட்டும் வெளியே வந்தது. தட்டைச் சாய்த்துப் பார்த்தால், கறுப்பில் அந்த ஓரிடம் மட்டும் விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறமாகத் தேய்ந்திருந்தது. விருந்தினர் வந்தபோதெல்லாம் பழைய ஊசியைத் தூக்கித் தூக்கி அதே இடத்தில் வைத்திருக்கிறார். மூச்சைக் காட்டியே மூச்சைத் தீர்த்துவிட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

உரிமம் வாங்கியபின் நண்பர் தொழிலில் உயர்ந்தார். அவர் எடுக்கும் சரக்கின் காகிதங்கள் மாதத்துக்கு நாலைந்து முறை என் மேசைக்கு வரும். மற்றவர்களுடைய சரக்கில் பத்துப் பெட்டிக்கு ஒன்று திறந்து பார்ப்போம். அவருடையதில் பத்தையும் திறக்கச் சொல்லி எழுதுவேன். அதற்கு எனக்கு அதிகாரம் உண்டு. அவர் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. கொட்டகை வாசலில் வெயிலில் நின்று, திறந்த பெட்டிகளை மறுபடி ஆணி அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் சரக்கில் ஒரு பிழையும் நான் கண்டதில்லை.

நாற்பதுகளின் கடைசியில் ஒரு காலை. கொழும்புக் கப்பலில் வந்து இறங்கியிருந்தார். பயணிகள் வரிசையில் நின்று என் மேசைக்கு வந்தார். பெட்டியில் துணி, தேயிலைப் பொட்டலம், செய்தித்தாளில் சுற்றிய ஒரு தட்டு. பிரித்தேன். எனக்குத் தெரிந்த எண். அந்த வரிசையில் அத்தனை பேர் காத்திருக்க, தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்தேன். வளையத்தில் மூல அச்சின் எண். பள்ளங்கள் கறுகறுவென்று மின்னின. யாரோ வாங்கி, போடாமலே வைத்திருந்த தட்டு.

யாருக்கு என்று கேட்டேன்.

"உமக்குத்தான் வே."

நான் படிவத்தைப் பார்த்தேன். 'சொந்த உபயோகம்' என்று எழுதியிருந்தார். இன்னொன்றும் எனக்கு நினைவில் இருந்தது. பத்து நாளுக்கு முன்புதான் மறுபடியும் ஒரு புது மேலதிகாரி பொறுப்பேற்றிருந்தார். நண்பருடைய உரிமம் அந்த மாதம் புதுப்பிக்க வேண்டியது. படிவத்தில் அப்படி எழுதவில்லையே என்றேன்.

"எழுதியிருந்தா நம்புவீரா?"

உரிமம் வைத்திருப்பவர்களிடமிருந்து அலுவலர் எந்தப் பொருளும் அன்பளிப்பாகப் பெறக்கூடாது என்ற நடத்தை விதியை, எண்ணோடும் உட்பிரிவோடும் அவருக்குச் சொன்னேன். தட்டு புதியது என்று எழுதினேன். மதிப்புப் போட்டேன், வரி போட்டேன். அவர் கட்டினார். முத்திரை குத்தி, தட்டைச் செய்தித்தாளில் முன்பு இருந்த மடிப்பிலேயே சுற்றி, அவர் கையில் கொடுத்தேன். ஒரு நிமிஷம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். பின்னால் நின்றவர் நகரச் சொன்னார். நகர்ந்தார்.

அதற்குப் பின் அவருடைய காகிதங்களை ஒரு கணக்கப்பிள்ளைதான் கொண்டுவந்தார். சில வருஷத்தில் தொழிலைக் கொழும்புக்கே மாற்றிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டார்.

புது மேலதிகாரியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அடுத்த மாதம் ஒரு கோப்போடு அவர் பங்களாவுக்குப் போனேன். பாட்டுப்பெட்டி இல்லை. ஒரு காது அவருக்குச் சரியாகக் கேட்காது என்றும், பாட்டென்றால் தலைவலி என்றும் அவரே சொன்னார். இதனால் எதுவும் நிரூபணமாகாது. தட்டு அவருக்கு என்று கொண்டுவந்து, இங்கே வந்தபின் அவருடைய காதைப் பற்றி நண்பர் தெரிந்துகொண்டிருக்கலாம். இந்த வாதத்தை நானே எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். விதிப்படி அது நிற்கும்.

மகள் கொண்டுவந்த நாடாவில் ஏழாம் பக்கத்தைப் பாடுவது அந்தப் பரிசு வாங்கிய குரல்தான். அட்டைப் பெட்டியை அவளிடமே கொடுத்துவிட்டேன், பேரப்பிள்ளைகள் கேட்கட்டும் என்று. என் செட்டு அலமாரியில் இருக்கிறது. நான்காம் உறையில் 'அசல்' என்று என் கையெழுத்து இன்னும் அழியவில்லை. உள்ளே இருக்கும் தட்டை வெளிச்சத்தில் சாய்த்து எண்ணைப் பார்த்துவிட்டேன். சரியாகத்தான் இருக்கிறது.